பெயர் டாட்டூ குத்தப் போறீங்களா? ஊசிக்கு முன்னாடி ஸ்டென்சிலைப் பாருங்க!

ஓசூர்ல அம்மா பேரைத் தமிழ்ல குத்திக்கிட்டவரையும் பார்க்கலாம், காதலி பேரைக் கன்னடத்துல குத்திக்கிட்டவரையும் பார்க்கலாம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் புழங்குற எல்லை ஊர். ஆனா, குத்துறவருக்கு மூணு எழுத்தும் தெரிஞ்சிருக்கணும்னு கட்டாயம் இல்லையே! ஸ்டென்சில்ல இருக்கிற கோட்டு மேலதான் அவர் ஊசி ஓடும். அதுல 'ன' இருக்க வேண்டிய இடத்துல 'ண' இருந்தா, தோல்லயும் காலத்துக்கும் அதுதான்.

அந்தக் காலத்துல பச்சை குத்தினவங்க கைப்பழக்கத்துலேயே கோலம் போட்டாங்க. இப்போ டிசைனை முதல்ல ஊதா நிறத்துல தோல்ல பதிச்சுக்கிறாங்க. ஒரு சுவாரஸ்யம்... 1876-ல் எடிசன் காப்புரிமை வாங்கின மின்சாரப் பேனா, நகல் எடுக்குறதுக்காகக் காகிதத்துல துளை போட்டு ஸ்டென்சில் செய்யும் கருவி. அந்த யோசனையை வெச்சுத்தான் 1891-ல் நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரெய்லி டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார்.

சரி, கத்துக்கறவங்க எதை வாங்கணும், குத்திக்கறவங்க எதைக் கவனிக்கணும்?

பேப்பர்

ஸ்டேஷனரி கடை கார்பன் பேப்பர் வேண்டாம். அது தோலுக்காகச் செய்யப்பட்டதில்லை. துடைக்கத் துடைக்கக் கோடும் கலைஞ்சிடும். டாட்டூவுக்குன்னே விற்கிற ஸ்டென்சில் பேப்பரை வாங்குங்க. மேலே வெள்ளைத் தாள், நடுவுல மெல்லிய டிஷ்யூ, அடுத்து ஊதா மைத்தாள், அடியில மஞ்சள் அட்டைன்னு அடுக்கு இருக்கும். வரையறதுக்கு முன்னாடி டிஷ்யூவை எடுத்துடணும்; மறந்தா ஒரு கோடுகூட பதியாது.

பேருக்கும் சின்ன டிசைனுக்கும் கையால வரையற பேப்பரே போதும். நுணுக்கமான உருவப்படத்துக்குத்தான் தெர்மல் பிரின்டர் தேவை. பேப்பரை வெயில்ல நிக்கிற பைக் பெட்டியில வைக்காதீங்க, சூட்டுல மை இளகிடும்.

ஜெல்

காகிதத்துல இருக்கிற மையைத் தோலுக்குக் கொண்டுவர்றது ஸ்டென்சில் ஜெல். சிலர் அதுக்குப் பதிலா டியோடரன்ட் ஸ்டிக்கைத் தேய்ப்பாங்க. ஒருத்தர் தோலைத் தொட்ட ஸ்டிக் அடுத்தவருக்கும் போனா, கிருமியும் கூடவே போகும். ஜெல்லையும் பாட்டில்ல இருந்து தனியா எடுத்து, கையுறை போட்ட கையால மெல்லிசா தடவணும். அதிகமா தடவினா கோடு வழிஞ்சிடும்.

ரேஸர், ஸ்பிரிட்

முடியை மழிக்க ஒருத்தருக்கு ஒரு புது ரேஸர். அதுல சமரசமே கூடாது. ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் ரத்தத்தின் வழியா பரவுறவை. டாட்டூ குத்தினவங்க 12 மாசம் ரத்த தானம் செய்ய முடியாதுங்கிற விதி இருக்கிறதும் அதனாலதான். மழிச்ச பிறகு 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால துடைச்சு, நல்லா காயவிட்டு ஒட்டணும்.

ஒட்டின பிறகு...

தாளை உரிச்சதும் மெஷினை எடுக்க விடாதீங்க. 10-15 நிமிஷம் காயட்டும். அதுக்குள்ள போனோட பின்பக்க கேமராவுல போட்டோ எடுங்க. செல்ஃபி கேமரா எழுத்தைத் திருப்பிக் காட்டலாம். அந்த மொழி நல்லா தெரிஞ்ச ஒருத்தருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் சரியான்னு கேளுங்க. தப்பா இருந்தா ஸ்பிரிட்டால அழிச்சுட்டு, புதுத் தாள்ல திருத்தி வரைஞ்சு ஒட்டச் சொல்லுங்க. கூச்சமே வேண்டாம்.

ஸ்டென்சிலை அழிக்க ரெண்டு நிமிஷம் போதும். டாட்டூவை அழிக்க லேசர் சிகிச்சைக்குப் பல தடவை நடக்கணும்!