பலூனும் கைபேசியும்: பிரிட்டன் சாலைச் சட்டத்தின் கதை

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது தவறு. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒருவர் போதையில்தான் ஓட்டினார் என்று நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது? இந்தக் கேள்விக்கு விடை காண பிரிட்டனுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

குதிரை வண்டிக் காலம்

மோட்டார் கார் வருவதற்கு முன்பே, 1872-ல், பிரிட்டனில் மது விற்பனை உரிமச் சட்டம் வந்தது. பொதுச் சாலையில் வண்டி, குதிரை, கால்நடை, நீராவி இயந்திரம் ஆகியவற்றைக் குடிபோதையில் ஓட்டிச் செல்பவருக்கு 40 ஷில்லிங் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை என்றது அது. 1897 செப்டம்பர் 10 அன்று லண்டனில் மின்சார வாடகைக் காரைக் கட்டிடத்தில் மோதிய ஜார்ஜ் ஸ்மித் என்பவர் கைதானார். குடித்துவிட்டு மோட்டார் வாகனம் ஓட்டியதற்காகக் கைதான முதல் மனிதர் என்று இவரையே குறிப்பிடுகிறார்கள்.

1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், வாகனத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மது அல்லது போதைப்பொருளின் பிடியில் இருப்பது குற்றம் என்றது. அந்த 'அளவு' எவ்வளவு என்று சொல்லவில்லை. எனவே மருத்துவர் வந்து பார்ப்பார். நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். நாக்கு புரளும் வாக்கியங்களைச் சொல்லச் சொல்வார். மருத்துவரின் கருத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் கேள்விக்குள்ளாக்க முடிந்தது. பலர் தப்பினார்கள்.

80 என்ற எண்

இதை மாற்றியது 1967-ஆம் ஆண்டின் சாலைப் பாதுகாப்புச் சட்டம். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். தள்ளாடினாரா இல்லையா என்பது இனி கேள்வியே இல்லை. போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் அம்மையார் இதற்காகப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். கார் ஓட்டவே தெரியாத பெண் இதைச் சொல்வதா என்று கேலி செய்தார்கள். காரணமின்றி யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம் என்ற முதல் திட்டம் கைவிடப்பட்டது.

அக்டோபர் 9 முதல் சோதனை தொடங்கியது. ஓட்டுநர் ஒரு குழாய் வழியாகப் பலூன் போன்ற பையில் ஊத வேண்டும்; குழாயிலுள்ள மஞ்சள் துகள்கள் பச்சையானால் சந்தேகம் உறுதி. முதல் ஆண்டிலேயே சாலை மரணங்கள் 1,100-க்கு மேல் குறைந்தன.

அப்போதும் ஓட்டைகள் இருந்தன. விபத்து நடந்த பதற்றத்தில் பிறகுதான் குடித்தேன் என்று சிலர் வாதாடினார்கள். 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிரூபிக்கும் பொறுப்பை ஓட்டுநர் தலையிலேயே வைத்தது.

கைபேசி வந்தது

2003 டிசம்பர் 1 முதல் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது தனிக் குற்றமானது. தொடக்கத்தில் அபராதம் 30 பவுண்டு. 2017-ல் அது 200 பவுண்டு ஆனது. ஆனால் சட்டம் தகவல் தொடர்புக்காகப் பயன்படுத்துவதையே கருத்தில் கொண்டிருந்தது. விபத்து நடந்த இடத்தை ஓட்டியபடியே படம்பிடித்த ஒருவர் மீதான வழக்கில், வெறும் படமெடுத்தல் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2019-ல் உயர் நீதிமன்றம் கூறியது. படம் எடுப்பது, பாட்டு மாற்றுவது, விளையாடுவது என எல்லாவற்றையும் தடுக்கும் திருத்தம் 2022 மார்ச் 25 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

முடிவாக

கையில் பிடிக்காமல் பேசுவதை அந்தத் திருத்தமும் தடை செய்யவில்லை. கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் மனம் பேச்சில் இருக்கும். ரத்தத்தில் உள்ள மதுவை அளக்க ஓர் எண் கிடைத்தது. சிதறிய கவனத்தை அளக்க அப்படி ஓர் எண் இல்லை. அந்தப் பொறுப்பு ஓட்டுபவரிடமே இருக்கிறது.