பனிக்கால டயர்களும் பிக்கப் வண்டிகளும்: ஒரு வரலாறு

பனிக்கால டயர் என்பது உறைபனியும் பனிப்பொழிவும் உள்ள சாலைகளில் ஓடுவதற்கென்றே தனி ரப்பர்க் கலவையாலும் தனி வகை வெட்டுகளாலும் செய்யப்படும் டயர். பின்லாந்து, சுவீடன், கனடாவின் கியூபெக் மாகாணம் போன்ற இடங்களில் குளிர்காலத்தில் இதைப் பொருத்தாமல் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். ஆனால் இந்த டயர் கார்களுக்காகப் பிறந்ததல்ல. சரக்கு வண்டிகளுக்காகவே முதலில் செய்யப்பட்டது. இன்றும் பனி நாடுகளில் டயர் தேர்வில் அதிகம் யோசிக்க வேண்டியவர் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்தான்.

அதற்குக் காரணம் அந்த வண்டியின் அமைப்பு. எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்னால் இருக்கின்றன. பின்னால் இருப்பது வெறும் தொட்டி. போர்டு நிறுவனம் 1925இல் தன் மாடல் டி வண்டியைத் தொழிற்சாலையிலேயே பிக்கப் தொட்டியுடன் விற்கத் தொடங்கிய நாள் முதல் இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. சரக்கு இல்லாதபோது பின் சக்கரங்களின்மேல் பாரம் குறைவு. வண்டியை உந்துவதோ அந்தப் பின் சக்கரங்கள். பனியில் அவை நின்ற இடத்திலேயே சுழலும். வட அமெரிக்கக் கிராமங்களில் குளிர்காலம் வந்ததும் பின் அச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளை அடுக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது. சக்கரம் சிக்கிக்கொண்டால் அதே மணலை அள்ளிச் சக்கரத்தின் அடியில் போடலாம் என்பது கூடுதல் வசதி.

சங்கிலியிலிருந்து ரப்பருக்கு

தொடக்ககாலக் காற்றடைத்த டயர்கள் பெரும்பாலும் மொட்டையாகவே இருந்தன. சேற்றிலும் பனியிலும் ஓட்டுநர்கள் அவற்றின்மேல் கயிறு சுற்றி ஓட்டினார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் கயிற்றுக்குப் பதிலாகச் சங்கிலியைப் பயன்படுத்தும் முறைக்கு 1904இல் காப்புரிமை பெற்றார். மலைச்சாலைகளில் இன்றும் அது வழக்கில் உள்ளது. ஆனால் சங்கிலி மாட்டிய வண்டி மெதுவாகத்தான் போக முடியும். பனி இல்லாத இடம் வந்ததும் இறங்கிக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் சாலையும் கெடும், சங்கிலியும் அறும். பொழுதுக்கும் சரக்கு ஏற்றிச் செல்பவருக்கு இது பெரும் தொல்லை.

இதற்கு விடை பின்லாந்திலிருந்து வந்தது. நோக்கியா என்ற ஊரில் இயங்கிய பின்லாந்து ரப்பர்த் தொழிற்சாலை 1934இல் ‘கெலிரெங்காஸ்’ என்ற டயரை வெளியிட்டது. சாலையின் நிலையைக் குறிக்கும் சொல்லையும் டயரைக் குறிக்கும் சொல்லையும் சேர்த்து உருவான பெயர் இது. உலகின் முதல் பனிக்கால டயர் என்று கருதப்படும் இது லாரிகளுக்காகச் செய்யப்பட்டது. இதன் பட்டனில் குறுக்குவாட்டில் ஆழமான பள்ளங்கள் இருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து 1936இல் கார்களுக்கான ‘லூமி-ஹக்கபெலீட்டா’ வந்தது. லூமி என்றால் பனி. ஹக்கபெலீட்டா என்பது 17ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரில் சுவீடன் அரசுக்காகப் போரிட்ட பின்லாந்துக் குதிரைப் படையினரின் பெயர். அந்தப் பெயரிலேயே இன்றும் டயர்கள் விற்கப்படுகின்றன. கைப்பேசியால் உலகம் அறிந்த நோக்கியா நிறுவனம் 1967இல் இந்த ரப்பர்த் தொழிற்சாலை உள்ளிட்ட மூன்று நிறுவனங்கள் இணைந்து உருவானது என்பதும், டயர்ப் பிரிவு 1988இல் தனி நிறுவனமானது என்பதும் பலருக்கு வியப்பளிக்கும் செய்தி.

குறுக்குப் பள்ளம் ஏன் உதவுகிறது? பனியில் ரப்பரைவிடப் பனியே நன்றாகப் பிடிக்கும். டயரின் பள்ளங்களில் இறுகிய பனி சாலையில் கிடக்கும் பனியோடு ஒட்டிக்கொள்கிறது. மழைக்கால டயர் நீரை வெளியேற்ற வேண்டும், பனிக்கால டயரோ பனியைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ரப்பரும் முக்கியம். குளிரில் ரப்பர் இறுகும். வெப்பநிலை ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே இறங்கும்போதே கோடைக்கால டயரின் பிடி குறையத் தொடங்கும் என்பது பனி நாடுகளில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இயற்கை ரப்பர் கடுங்குளிரிலும் நெகிழ்வை இழக்காது. எனவே பனிக்கால டயர்க் கலவைகளில் அதற்கு எப்போதும் இடம் உண்டு. 1930களில் உலகச் சந்தைக்கு வந்த இயற்கை ரப்பரில் மலாயாவின் பங்கு மிகப் பெரியது. அங்கே பால் வெட்டியவர்களில் பலர் தமிழகத்திலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளர்கள். பனியையே கண்டிராத அவர்களின் உழைப்பும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி.

‘சேறும் பனியும்’

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பிக்கப் வண்டி பண்ணையிலிருந்து நகரத்துக்கும் வந்தது. போர்க்கால வண்டியை அடிப்படையாகக் கொண்ட டாட்ஜ் பவர் வேகன் 1946இல் நான்கு சக்கர உந்துதலுடன் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. இக்காலத்து டயர்கள் பெரிய கட்டிகளாக வார்த்த பட்டன்களைக் கொண்டிருந்தன. சேறு, பனி ஆகிய இரண்டு சொற்களின் ஆங்கில முதல் எழுத்துகளான ‘எம்+எஸ்’ என்ற குறி டயரின் பக்கவாட்டில் இடம்பெற்றது.

இந்தக் குறி பல பத்தாண்டுகளாக வாங்குபவரைக் குழப்பி வந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். அது டயரின் பள்ளங்கள் எப்படி அமைந்துள்ளன என்பதை மட்டுமே சொல்கிறது. பனியில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்த சான்று அல்ல, தயாரிப்பாளரே பொறித்துக்கொள்வது. குட்இயர் நிறுவனம் 1977இல் ‘தியெம்போ’ என்ற அனைத்துப் பருவ டயரை வெளியிட்ட பிறகு, ஆண்டு முழுவதும் ஒரே டயர் போதும் என்ற பழக்கம் அமெரிக்காவில் பரவியது. அந்த வகை டயர்களிலும் இதே குறி இருந்தது. பிக்கப் வண்டிகளில் பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கும் சேற்று டயர்களிலும் இருந்தது. அந்தச் சேற்று டயர்கள் ஆழமான புதுப்பனியைத் தோண்டிப் போகும். ஆனால் மழமழவென்று உறைந்த பனிக்கட்டியில் அவற்றின் பெரிய, கெட்டியான ரப்பர்க் கட்டிகள் வழுக்கும். பனிக்கட்டியைப் பிடிப்பவை மெல்லிய கீறல்கள். இந்தக் கீறல்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சைப்’ என்ற சொல் ஜான் சைப் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. அவர் 1923இல் காப்புரிமை பெற்றது டயருக்கு அல்ல, ரப்பர் அடிப்பாகத்தில் கீறல் போடும் முறைக்கு. காலணி வழுக்காமல் இருக்கக் கண்ட வழி பின்னர் டயருக்கு வந்தது.

ஆணி டயர்களும் ஜப்பானின் தூசியும்

1950களின் இறுதியிலும் 1960களிலும் டயரில் டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட ஆணிகளைப் பதிக்கும் முறை வட ஐரோப்பாவில் பரவியது. பனிக்கட்டியில் இதற்கு இணை இல்லை. ஆனால் பனி இல்லாத சாலையில் ஆணி தாரையும் கான்கிரீட்டையும் அரைத்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலமும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் 1971இல் ஆணி டயர்களைத் தடை செய்தன. அங்கே கேள்வி சாலைச் செலவைப் பற்றியது.

ஜப்பானில் அது மூச்சைப் பற்றிய கேள்வியானது. வடகிழக்கு நகரமான செண்டாயில் பனி குறைவு, வெயில் நாட்கள் அதிகம். எனவே குளிர்காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான ஆணி டயர்கள் வெறும் சாலையையே அரைத்துக்கொண்டிருந்தன. 1980களின் தொடக்கத்தில் நகரின் தெருக்களில் கருந்தூசி எழுந்தது. மக்கள் முகமூடி அணிந்து நடந்தார்கள், துணி காயப்போட முடியவில்லை. கண் எரிச்சல், தொண்டை நோய் என்று புகார்கள் குவிந்தன. மக்கள் இயக்கமாகத் தொடங்கியது உள்ளூர் விதிகளாகி, இறுதியில் 1990இல் ஆணி டயர்த் தூசியைத் தடுக்கும் தேசியச் சட்டமாக நிறைவேறியது. இத்தனைக்கும் ஆணி டயர் வாங்கியவர் யாரும் தவறு செய்யவில்லை. தன் குடும்பத்தின் பாதுகாப்புக்காகத்தான் வாங்கினார். தூசியோ எல்லோர் மூச்சிலும் போனது.

தடை வரும் முன்பே மாற்று தயாராகிக்கொண்டிருந்தது. பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 1988இல் ‘பிளிசாக்’ டயரை ஜப்பானில் வெளியிட்டது. அதன் ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள் இருந்தன. பனிக்கட்டியின்மேல் சக்கரம் அழுத்தும்போது உருவாகும் மெல்லிய நீர்ப்படலமே வழுக்கலுக்கு முக்கியக் காரணம். குமிழிகள் அந்த நீரைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அவற்றின் விளிம்புகள் பனிக்கட்டியைப் பிடிக்கும். ஆணி இல்லாமலே ஓடலாம் என்று இந்த வகை டயர்கள் காட்டின.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஹொக்கைடோவின் சப்போரோ நகரில் தடைக்குப் பிறகு ஒரு புதுச் சிக்கல் தோன்றியது. முன்பு ஆணிகள் பனிக்கட்டியைச் சொரசொரப்பாக்கி வைத்திருந்தன. இப்போது மென்ரப்பர் டயர்கள் அதே பனியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கின. சிக்னலில் வண்டிகள் நின்று புறப்படும் இடங்களில் இது மோசமாக இருந்தது. நடந்து சாலையைக் கடப்பவர்கள் வழுக்கி விழுந்து எலும்பு முறிவது கூடியது. தெரு முனைகளில் பெட்டிகளில் மணல் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவலாம் என்ற ஏற்பாடு அங்கே இன்றும் உண்டு.

நார்டிக் நாடுகள் ஆணியை முற்றிலும் கைவிடவில்லை. ஓஸ்லோவில் ஆணி டயருக்குக் கட்டணம் உண்டு. ஸ்டாக்ஹோமின் ஹோர்ன்ஸ்காத்தன் சாலையில் 2010 முதல் ஆணி டயர் வண்டிகள் செல்லக்கூடாது. ஒன்டாரியோவும் தன் வடபகுதி மக்களுக்கு மட்டும் 2005இல் ஆணி டயரை மீண்டும் அனுமதித்தது.

மலையும் பனிச்சில்லும்

எம்+எஸ் குழப்பத்துக்கு விடையாக 1999இல் அமெரிக்க, கனடிய ரப்பர்த் தயாரிப்பாளர் சங்கங்கள் ஒரு புதுச் சின்னத்தைக் கொண்டுவந்தன. மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனிச்சில்லு. இதைப் பெற டயர் பனியில் சோதிக்கப்பட்டு, ஒப்பீட்டு டயரைவிட 10 விழுக்காடாவது கூடுதல் உந்துபிடி காட்ட வேண்டும். இதுவும் முழுமையான அளவுகோல் அல்ல. அமெரிக்கச் சோதனை அளப்பது இறுகிய பனியில் முன்னே செல்லும் பிடியை. பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதை அல்ல.

கியூபெக் 2008இல் பனிக்கால டயரைக் கட்டாயமாக்கியது. 2014 டிசம்பர் முதல் எம்+எஸ் குறி மட்டும் அங்கே போதாது, மலைச் சின்னமோ ஆணியோ வேண்டும். தமிழர்கள் பெருமளவில் வாழும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் பனிக்கால டயர் பொருத்தியவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ தமிழகத்திலிருந்தோ போனவர் முதல் குளிர்காலத்தில் சந்திக்கும் செலவுகளில் நாலு டயர் செலவும் ஒன்று.

பிக்கப்புக்கு எந்த டயர்?

பிக்கப்பில் தேர்வு இன்னும் சிக்கலாவது பாரத்தால். இவ்வண்டிகளுக்கு இரண்டு வகை டயர் உண்டு: கார் வகை, இலகு சரக்கு வகை. கார் வகை டயரைச் சரக்கு வண்டியில் போட்டால், அதில் எழுதியுள்ள பாரத்தை 1.10ஆல் வகுத்தே கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. சரக்கு வகை கெட்டியானது, அதிகக் காற்றழுத்தம் தாங்குவது. ஆனால் வெறும் தொட்டியோடு ஓடும் வண்டியில் அந்தக் கெட்டித்தன்மையே பனியில் பாதகமாகலாம். ஆண்டு முழுவதும் கனத்த பாரம் இழுக்காதவர் ‘பலமானது நல்லது’ என்று மிகக் கனத்த டயரை வாங்குவது, என் பார்வையில், அடிக்கடி நடக்கும் வீண் செலவு.

அகலம் பற்றியும் இரு கருத்துகள் உண்டு. சாலையில் ஒரு சாண் பனி கிடந்தால் குறுகிய டயர் அதை வெட்டிக் கீழே உள்ள தரையைத் தொடும், எனவே பனிக்காலத்துக்கு ஓர் அளவு குறுகியதைப் போடுவது பழைய வழக்கம். தரையே இல்லாத ஆழ்பனியில் நிலைமை தலைகீழ். ஐஸ்லாந்தின் பனிப்பாறைகளில் ஓடும் வண்டிகள் மிகப் பெரிய, அகன்ற டயர்களில் காற்றைச் சில பவுண்டு அழுத்தம்வரை இறக்கிவிட்டு, பனியின்மேல் மிதப்பதுபோல் செல்கின்றன. அப்படி ஐஸ்லாந்தில் மாற்றியமைக்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில்தான் 2007இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக் குழு ஒன்று காந்த வடதுருவப் பகுதிக்குச் சென்றது.

நான்கு சக்கர உந்துதல் இருந்தால் பனிக்கால டயர் தேவையில்லை என்பது பிக்கப் வைத்திருப்போரிடம் பரவலாக உள்ள நம்பிக்கை. புறப்படுவதற்குத்தான் நான்கு சக்கர உந்துதல் உதவும். நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரமும் பிரேக்தான், பிடி டயரிலிருந்துதான் வர வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்கப் பின்னால் மட்டும் இரண்டு பனிக்கால டயர் போடுவோரும் இருந்தார்கள். வளைவில் பின்பகுதி பிடித்துக்கொள்ள, முன்பகுதி திருப்பிய பக்கம் திரும்பாமல் நேரே போய்விடும். எனவே பனி நாட்டு டயர்க் கடைகள் இன்று நான்காகவே மாட்டச் சொல்கின்றன.