ஒரே மலை, இரண்டு வீரர்கள்

அறிவியல் நிலையத்திற்குப் பக்கத்தில் 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பனி நகரத்திற்கு ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். வெளியே ஜூரோங் வெயில் கொளுத்துகிறது. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து பாகை! சறுக்கி விழுந்து, மூக்கெல்லாம் பனியோடு எழுந்த ஒரு பையன் கேட்டான்: "சார், நம்ம ஆளுங்க யாராச்சும் இதுல ஒலிம்பிக் போயிருக்காங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒலிம்பிக் பனிச்சறுக்குப் பந்தயங்களில் 'டவுன்ஹில்' என்பதே மிக வேகமானது. மலையுச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே ஓட்டம். நேரம் குறைந்தவர் வென்றவர். வளைந்து வளைந்து போகும் 'ஸ்லாலம்' போட்டியில் இரண்டு ஓட்டங்களின் நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். டவுன்ஹில்லில் இரண்டாவது ஓட்டமே கிடையாது. தப்பினால் தப்பியதுதான்.

1964-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் குளிர்கால ஒலிம்பிக். அந்த ஆண்டு பார்த்துப் பனியே பெய்யவில்லை! ராணுவ வீரர்கள் வேறு மலைகளிலிருந்து பனியைச் சுமந்து வந்து பாதையில் கொட்டினார்கள். பாட்ஷர்கோஃபெல் என்ற மலையில் பயிற்சி நடந்தபோது ராஸ் மில்ன் என்ற 19 வயது ஆஸ்திரேலிய இளைஞர் மரத்தில் மோதி இறந்துபோனார். சில நாட்களில் அதே மலையில் பந்தயம். அதில் இந்தியாவின் பெயரைத் தாங்கி நின்றவர் ஜெரமி புயகோவ்ஸ்கி. போலந்துக் குடும்பத்தில் பிறந்து, இந்தியாவில் வளர்ந்து, அமெரிக்காவின் டென்வர் நகரில் படித்தவர். குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு அவரே முதல் ஆள். அன்று துணைக்கு இன்னொரு இந்திய வீரர்கூட இல்லை. பந்தயத்தை அவரால் முடிக்க முடியவில்லை. "பேரைப் பார்த்தா நம்ம ஆளு மாதிரி இல்லையே" என்று சிலர் சொல்லக்கூடும். இறங்கினவரைத்தானே கணக்கில் சேர்க்க வேண்டும்?

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே மலை. 1976-ஆம் ஆண்டுப் போட்டியை நடத்த வேண்டிய டென்வர், கொலராடோ மக்கள் வாக்களித்து மறுத்ததால் விலகிக்கொள்ள, மீண்டும் இன்ஸ்புருக்குக்கே வாய்ப்பு வந்தது. பிப்ரவரி 5. ஆஸ்திரியக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, 22 வயது ஃப்ரான்ஸ் க்ளாமர், மஞ்சள் உடையில், 15-ஆம் எண்ணோடு மேலே நிற்கிறார். முந்தைய ஆண்டுகளில் அவர் வெல்லாத பந்தயம் அபூர்வம். நாடே தங்கத்தை எதிர்பார்க்கிறது. அதுதான் பெரிய பாரம்! முந்தைய ஒலிம்பிக்கில் வென்ற சுவிட்சர்லாந்தின் பெர்ன்ஹார்ட் ரூசி ஏற்கெனவே 1 நிமிடம் 46.06 வினாடியில் இறங்கிவிட்டார். க்ளாமர் பாதி வழியில் பின்தங்கியிருந்தார். அதற்கப்புறம் மனிதர் பயத்தை விட்டுவிட்டார். கைகள் ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம். விழுந்துவிட்டார் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். விழவில்லை. 1 நிமிடம் 45.73 வினாடி. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான சராசரி வேகம்; வித்தியாசம் 0.33 வினாடி, நாம் கண் சிமிட்டும் நேரம்.

கதை அங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். 1977-இல் அவருடைய தம்பி கிளாவுஸ் ஒரு டவுன்ஹில் பந்தயத்தில் விழுந்து, நடக்க முடியாதவரானார். அண்ணனின் வெற்றிகளும் பிறகு வற்றத் தொடங்கின. 1980 ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடமே இல்லை. மாற்று ஆட்டக்காரராகப் போன லியோன்ஹார்ட் ஷ்டோக் தங்கம் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஆண்டுகளில் க்ளாமர் விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விலகவில்லை. 1983-இல் ஐந்தாவது முறையாக உலகக் கோப்பை டவுன்ஹில் பட்டம். 1984-இல் கிட்ஸ்புயலில் நான்காவது வெற்றி. அதுவே உலகக் கோப்பை டவுன்ஹில்லில் அவருடைய 25-ஆவது வெற்றி. 1985-இல் ஓய்வு பெற்றார்.

சிங்கப்பூருக்கும் ஒரு நாள் வந்தது. 2018-இல் பியோங்சாங்கில் பனித்தரை வேகச்சறுக்கில் செயென் கோ இறங்கினார்; குளிர்கால ஒலிம்பிக்கில் நம் நாட்டின் முதல் வீராங்கனை.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது அந்தப் பையன் க்ளாமரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த இந்தியாக்காரர் அப்புறம் என்ன சார் ஆனாரு?" என்றான்.

1968-இல் பிரான்சின் கிரெனோபிள் ஒலிம்பிக்கில், மறுபடியும் டவுன்ஹில்லில் இறங்கினார். பிரெஞ்சு வீரர் ஜான் க்ளோட் கில்லி தங்கம் வென்ற பந்தயம் அது. முன்னணிக்கு வெகு பின்னால்தான் வந்தார். ஆனால் இந்த முறை அடிவாரம் வரை வந்து சேர்ந்தார்.