வி.எஸ். அச்சுதானந்தன்: பாலக்காடும் மூணாறும்

கேரள முன்னாள் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் 2025 ஜூலை 21 அன்று, 101 வயது நிறைந்த நிலையில், திருவனந்தபுரத்தில் காலமானார். ஆலப்புழை அருகே புன்னப்ராவில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கயிற்றுத் தொழிற்சாலையில் உழைத்தவர்.

பாலக்காட்டுக் கிராமங்களைப் பூர்வீகமாய்க் கொண்ட நம் அங்கத்தினர் சிலருக்கு அவர் பெயர் பழைய கசப்பையும் நினைவூட்டும். 1970 ஜனவரி 1-ல் குத்தகை முறை ஒழிந்தபோது, பாட்ட நெல்லை நம்பியிருந்த பல குடும்பங்கள் நிலத்தை இழந்தன. பிழைப்புத் தேடி வெளியூர் சென்றோரும் உண்டு. அந்த நிலப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் அவர். ஆயினும் 1996-ல் சொந்த ஜில்லாவின் மாராரிக்குளத்தில் தோற்ற அவரை, 2001 முதல் நான்கு முறை சட்டசபைக்கு அனுப்பியது பாலக்காடு ஜில்லாவின் மலம்புழைத் தொகுதியே.

நில விஷயத்தில் அவர் ஆளுக்கொரு நியாயம் பேசவில்லை என்பதற்கு இடுக்கி ஜில்லாவின் மூணாறு சாட்சி. 2006-ல் முதல்வரானவர், மறு வருஷமே அங்கு அரசு நிலத்தை வளைத்துப் போட்ட வசதி படைத்தோரின் கட்டடங்களை இடிக்கத் தனிக் குழுவை அனுப்பினார். கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியதால் அந்த வேலை பாதியில் நின்றது. அது அவர் ஆட்சியின் பெருங்குறை.

2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு மறியல் செய்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையே அண்டவிடாத அவர்கள், 91 வயதில் மலையேறி வந்த அச்சுதானந்தனை வரவேற்றுத் தங்கள் நடுவில் அமர்த்திக்கொண்டனர். அப்போது அவர் முதல்வர் அல்ல, எதிர்க்கட்சித் தலைவர். அந்த நம்பிக்கையே அவர் சம்பாதித்த சொத்து. கொள்கையில் மாறுபட்ட நாமும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.