கடன் தீர்த்த மாணவி

செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பிறநாடு சென்று பயில்வது எக்காலத்திலும் உள்ள வழக்கம். ஆனால் பொருள் வசதியற்ற குடும்பத்துப் பெண்ணொருத்தி, தன் நாட்டிலே பெண்களுக்கு அடைக்கப்பட்டிருந்த உயர்கல்வியை அந்நிய நாட்டிற் பெற விரும்பினால் என் செய்வாள்? பிற்காலத்தில் மேரி கியூரி என உலகம் போற்றிய மரியா ஸ்க்லடோவ்ஸ்காவின் இளமை வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

மரியா 1867ஆம் ஆண்டு போலந்தின் வார்சோ நகரிற் பிறந்தார். அக்காலத்தில் வார்சோ ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நகரப் பல்கலைக்கழகத்திற் பெண்களுக்கு இடமில்லை. தந்தையார் பௌதிகமும் கணிதமும் கற்பித்த ஆசிரியர். அதிகாரிகளின் வெறுப்புக்கு ஆளாகி வருவாய் குன்றியவர். தாயார் 1878இற் காச நோயால் இறந்தார். 1883இல் மரியா பள்ளிப் படிப்பை முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். ஆயினும் பதக்கம் பாரிஸ் வரை வழிச்செலவு தருமா?

தமக்கை புரோன்யாவுக்கு வைத்தியம் பயில ஆசை. சகோதரிகள் இருவரும் ஓர் உடன்பாடு செய்தனர். புரோன்யா முதலிற் பாரிஸ் செல்வது. மரியா உழைத்துப் பணம் அனுப்புவது. புரோன்யா வைத்தியரானதும் தங்கையை அழைத்துக்கொள்வது. 1885இற் புரோன்யா புறப்பட்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திற் பதினெட்டு வயது மரியா, ஸ்சூக்கி என்னும் கிராமத்தில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டாசிரியையாக அமர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 500 ரூபிள். அதில் ஒரு பகுதி பாரிசுக்குச் சென்றது. பகலிற் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம். இரவிலே தமக்கெனப் பௌதிகமும் கணிதமும். எஞ்சிய நேரத்திற் குடியானவர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியை இரகசியமாகக் கற்பித்தார். அது தண்டனைக்குரிய செயல் என்பதை அவர் அறிவார்.

காத்திருந்த காலம் நீண்டது. 1891இல், புகைவண்டியிற் கட்டணம் மிகக் குறைந்த நான்காம் வகுப்பில் ஜெர்மனியைக் கடந்து மரியா பாரிஸ் சேர்ந்தார். அவ்வகுப்பில் ஆசனம் இராது. ஆதலால் மடக்கு நாற்காலியொன்றையும் உடன் கொண்டு சென்றார். தமக்கை சொல் தவறாமல் வரவேற்றார். ஆனால் அவ்வீட்டிலிருந்து சொர்போன் சென்றுவர நேரமும் வண்டிச் செலவும் மிகுதியாயின. எனவே மரியா பல்கலைக்கழகத்துக்கு அண்மையில், கூரைக்குக் கீழிருந்த சிற்றறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார்.

தமது சேமிப்பும் தந்தையார் அனுப்பிய சிறு தொகையுமே அவருக்கு ஆதாரம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 பிராங்கில் வாடகை, உணவு, உடை, புத்தகம், நிலக்கரி அனைத்தும் அடங்க வேண்டும். விளக்கெண்ணெயும் கரியும் மிச்சப்படும் என்று இரவு பத்து மணிவரை நூல்நிலையத்தில் இருந்து படிப்பார். மாரிக்காலத்தில் அறையிலிருந்த நீர் உறைந்துபோகும். தம்மிடமுள்ள உடைகளையெல்லாம் போர்வைமேற் குவித்து உறங்குவார். ஒருமுறை அவர் மயங்கி விழுந்தார். வைத்தியரான தமக்கையின் கணவர் வந்து விசாரித்தபோது, முதல் நாள் முதற்கொண்டு சில முள்ளங்கியும் சிறிது செரிப் பழமுமே உண்டிருந்தமை வெளிப்பட்டது.

1893இற் பௌதிகப் பட்டப் பரீட்சையில் மரியா முதலிடம் பெற்றார். கணிதத்தையும் பயில விரும்பினார், கையிலோ பணமில்லை. அவ்வேளையிலே, பிறநாட்டிற் பயிலும் போலந்து மாணவருக்குரிய அலெக்சாந்திரோவிச் புலமைப்பரிசில் 600 ரூபிள் கிடைத்தது. அத்தொகையைப் பதினைந்து மாதங்களுக்கு நீட்டிச் செலவிட்டார். 1894இற் கணிதப் பட்டத்தில் இரண்டாம் இடம் பெற்றார்.

உருக்கு வகைகளின் காந்த இயல்பை ஆராயும் பணி பின்னர் அவருக்குக் கிடைத்தது. அதிற் கிடைத்த ஊதியத்திலிருந்து மிச்சம் பிடித்து, புலமைப்பரிசிற் பணம் முழுவதையும் அவர் திருப்பிக் கொடுத்தார். பரிசில் வழங்கியோர் வியந்தனர். அதைத் திருப்பிக் கேட்கும் விதி எதுவும் இருக்கவில்லை. தாம் அப்பணத்தை வைத்திருக்கும் வரை வறிய மாணவர் ஒருவர் அதனை இழந்திருப்பார் என்பதே மரியாவின் எண்ணம்.

1903இற் பௌதிகத்துக்கும் 1911இல் இரசாயனத்துக்கும் நோபல் பரிசுகள் அவரை அடைந்தன. அப்பெருமைகளை உலகறியும். ஆயினும் தங்கையின் சம்பளத்தில் ஒரு தமக்கை வைத்தியரானதையும், அத்தமக்கையின் அழைப்பால் ஒரு தங்கை விஞ்ஞானியானதையும், திருப்பித் தரப்பட்ட 600 ரூபிளையும் மறத்தல் ஆகாது. அந்நிய நாட்டிலே தன் காலில் நின்ற அம்மாணவி, தனக்குத் துணைநின்ற கைகளை எண்ணி, அடுத்து வருபவருக்குத் தன் கையை நீட்டினார்.