யாரும் கேட்காத படங்களின் கடை

"டவுன்லோடு காலத்தில் வீடியோ வாடகைக் கடை பிழைக்குமா?" என்ற தலைப்பைக் கொடுத்து, வெள்ளி விழா மலருக்கு எழுதித் தாருங்கள் என்றார்கள் மலர்க் குழுவினர். கடையாக இருந்தால் பிழைக்காது. இது தெரிந்த சங்கதிதான். நம் ஊரில் கேசட் கடைகள் இருந்த இடங்களில் இப்போது செல்போன் ரீசார்ஜும் ஜெராக்ஸும் பிரியாணியும் நடக்கின்றன. ஆனால் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1988இல் தொடங்கிய ஒரு கடை இன்றும் திறந்திருக்கிறது. பெயர் ஸ்கேர்குரோ வீடியோ. சோளக்கொல்லைப் பொம்மை என்று அர்த்தம். அதன் கதையைச் சொன்னால் தலைப்புக்கும் பதில் வரும், நம் சங்க அறையின் மூலையில் நிற்கும் இரும்பு பீரோவுக்கும் ஒரு வழி பிறக்கும் என்று பட்டது.

படத்தை வாடகைக்கு விடலாம் என்ற யோசனை ஸ்டுடியோக்காரர்களுக்கு வந்ததல்ல. 1977இல் மேக்னடிக் வீடியோ என்ற கம்பெனி, டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடம் உரிமை வாங்கி, 50 படங்களைக் கேசட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் அந்தப் படங்களை வாங்கி, வில்ஷயர் சாலையில் சின்னதாக ஓர் இடம் பிடித்து, வாடகைக்கு விட ஆரம்பித்தார். உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 50 டாலர், ஆயுளுக்கு 100. படத்துக்கு நாள் வாடகை 10 டாலர். அன்றைக்கு அது கொள்ளை விலை; ஆனாலும் கூட்டம் வந்தது. ஸ்டுடியோக்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சட்டம் அட்கின்சன் பக்கம் இருந்தது. முறையாகக் காசு கொடுத்து வாங்கிய பிரதியை வாங்கியவர் விற்கலாம், இரவல் தரலாம், வாடகைக்கும் விடலாம்; முதல் விற்பனையோடு உரிமையாளரின் பிடி தளர்ந்துவிடும் என்பது அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். புத்தகத்துக்கு இருந்த விதி கேசட்டுக்கும் பொருந்தியது. அந்த நாட்டில் வீடியோ கடை என்ற தொழிலே இந்த ஒரு விதியின் மேல்தான் நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

இங்கே 1982 டில்லி ஆசிய விளையாட்டை ஒட்டிக் கலர் டி.வி. வந்தது. டெக் வாங்க வசதியில்லாத தெருக்களில் டி.வி., டெக், மூன்று கேசட் என்று மொத்தமாக ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் பொங்கலுக்கு நடக்கும், காதுகுத்துக்கு நடக்கும். முதலில் ஒரு பக்திப் படம், அடுத்து எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி, மூன்றாவதாக ரஜினி. மூன்றாவது ஓடும்போது பாதிப் பேர் பாயில் சுருண்டிருப்பார்கள். நடுவில் திரையில் கோடு விழும். கடைப் பையன் டெக்கின் மூடியைக் கழற்றுவான். வெள்ளைத் தாள் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து ஹெட்டின் மேல் ஒற்றி, டிரம்மை விரலால் மெல்லச் சுற்றுவான். தாளில் பழுப்பாகக் கறை இறங்கும், கோடு மறையும். மழைக்காலம் என்றால் வேறு தொல்லை. கேசட்டின் சின்ன ஜன்னல் வழியே பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரியும். தெரியாமல் போட்டுவிட்டால் ஹெட் போச்சு.

கடைக்காரர் ஒரு நீள நோட்டில் கணக்கு வைத்திருப்பார். எந்த வீட்டில் எந்தப் படம் போனது என்பது அதில் இருக்கும். நோட்டைப் பார்க்காமலேயே, நாம் கேட்காமலேயே, சொல்லவும் சொல்வார். அமெரிக்காவில் இந்த நோட்டு நாடாளுமன்றம்வரை போனது. 1987இல் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ராபர்ட் போர்க் என்னென்ன கேசட் எடுத்தார் என்ற பட்டியலை வாஷிங்டன் வாரப் பத்திரிகை ஒன்று கடையிலிருந்து வாங்கி அச்சிட்டுவிட்டது. பட்டியலில் வில்லங்கமாக ஒன்றுமில்லை. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தங்கள் நோட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே, வாடிக்கையாளர் எடுத்த படத்தைக் கடைக்காரர் வெளியில் சொல்லக்கூடாது என்று தனிச் சட்டம் வந்துவிட்டது.

இனிக் கடைகளுக்கு வருவோம். 1985இல் டாலஸ் நகரில் டேவிட் குக் தொடங்கிய பிளாக்பஸ்டர், 2004இல் 9,000க்கு மேற்பட்ட கடைகளாக விரிந்திருந்தது. அதன் கணக்கு எளிமையானது. புதுப்படம்தான் சரக்கு. ஒரே படத்தில் பத்து இருபது பிரதி வாங்கி அடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வந்து கேட்பவரிடம் இல்லை என்று சொல்லக்கூடாது. படத்தின் சூடு ஆறியதும் மிச்சப் பிரதிகளைப் பழசு விலைக்குத் தள்ளிவிட வேண்டும். 1990களின் பிற்பகுதியில் ஸ்டுடியோக்களோடு வருமானத்தில் பங்கு என்று ஒப்பந்தம் போட்டதும் கேசட்டுக்கான முன்விலை சில டாலராக இறங்கியது. சின்னக் கடைக்காரர் அதே கேசட்டை அறுபது எழுபது டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். இணையத்தில் படம் வருவதற்கு முன்பே தனிக் கடைகளைப் பெருவாரியாக மூடவைத்தது இந்த வித்தியாசம்தான்.

2000ஆம் ஆண்டில் பிளாக்பஸ்டர் தாமதக் கட்டணமாக மட்டும் சுமார் 80 கோடி டாலர் வசூலித்தது. அதே ஆண்டு, தபாலில் டி.வி.டி. அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ், 5 கோடி டாலருக்குத் தன்னை வாங்கிக்கொள்ளும்படி அதன் வாசலில் போய் நின்றது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். 2010 செப்டம்பரில் பிளாக்பஸ்டர் திவால் மனு போட்டது. இன்று மிச்சமிருப்பது ஆரிகன் மாநிலத்தின் பெண்ட் என்ற ஊரில் ஒரே ஒரு கடை. அங்கே படம் எடுக்கப் போகிறவர்களோடு, கடையைப் படம் எடுக்கப் போகிறவர்களும் நிறையப் பேர்.

பிளாக்பஸ்டரை டவுன்லோடு கொன்றது என்று சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது. புதுப்படத்தைச் சுலபமாகக் கையில் கொடுப்பது மட்டுமே அதன் தொழில். அதைவிடச் சுலபமாகக் கொடுக்க ஒருவன் வந்தபோது கடையில் வேறு எதுவும் இல்லை. பழைய படங்களைத்தான் அவர்களே விற்றுத் தீர்த்திருந்தார்களே.

ஸ்கேர்குரோவைத் தொடங்கிய ஜார்ஜ் லாட்சியோஸ், வியாபாரக் கண்ணால் பார்த்தால் மோசமான வியாபாரி. சில நூறு படங்களோடு ஆரம்பித்தவர் வாங்கினார், வாங்கினார், வாங்கிக்கொண்டே இருந்தார். எடுக்க ஆள் வருமா என்று பார்க்கவில்லை. வெளிநாட்டுப் பதிப்பு, லேசர் டிஸ்க், விற்பனையிலிருந்து நின்றுபோன கேசட், பெயர் தெரியாத திகில் படம் எதையும் விடவில்லை. 1993இல் கடையை ரூஸ்வெல்ட் வே சாலையிலுள்ள பெரிய கட்டடத்துக்கு மாற்றினார். இயக்குநர் வாரியாக ஒரு பக்கம், நாடு வாரியாக ஒரு பக்கம் என்று அலமாரிகள் நீண்டன. நம் ஊர்க் கடைகளில் புதுசு, பழசு, இங்கிலீஷ் என்று மூன்றே பிரிவு இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

இப்படி வாங்கினால் கடன் ஏறத்தானே செய்யும்? ஏறியது. போதாக்குறைக்கு லாட்சியோஸுக்கு மூளையில் புற்றுநோய். 1999இல் கடையை விற்கும் நிலை வந்தது. யாரேனும் வாங்கித் துண்டு துண்டாக விற்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த கார்ல் டோஸ்டெவின், ஜான் டாஃபினி என்ற இருவர் வாங்கி, அப்படியே நடத்தினார்கள். லாட்சியோஸ் 2003இல் இறந்தார்.

புது உரிமையாளர்கள் வந்ததால் வாடகை எடுக்க ஆள் கூடிவிடவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் வருமானம் இறங்கிக்கொண்டே போனது. 2013இல் நிலைமையை ஊராருக்கு வெளிப்படையாகக் கடிதமாக எழுதினார்கள். இவ்வளவு பேரும் கடையை நேசிக்கிறீர்கள், ஆனால் படம் எடுக்க வருவதில்லையே என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு, கடையில் வேலை பார்த்த கேட் பார், ஜோயல் ஃபிஷர் ஆகியோர் ஒரு யோசனையோடு வந்தார்கள். கடையை லாப நோக்கமில்லாத அமைப்பாக மாற்றிவிடலாம் என்றார்கள். கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டார்கள்; அதற்கு மேலேயே சேர்ந்தது. உரிமையாளர்கள் தொகுப்பை அந்த அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். அப்போது சுமார் 1,20,000 படங்கள். இப்போது 1,45,000ஐத் தாண்டிவிட்டது. டி.வி.டி.யாகவே வராமல் வி.எச்.எஸ்.ஸோடு நின்றுபோன படங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் அங்கே உண்டு. அபூர்வமானவற்றுக்கு முன்பணம் கட்டித்தான் எடுக்க முடியும். வேறு ஊர்க்காரர்களுக்குத் தபாலிலும் அனுப்புகிறார்கள்.

சுகமாக நடக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2024இல் மறுபடியும் கை நீட்ட வேண்டி வந்தது. இந்த முறை கேட்டது 18 லட்சம் டாலர். கடை நடத்துவது போய், சபா நடத்துவது போல ஆகிவிட்டது. நன்கொடைச் சீட்டு எழுதி நடத்தும் சங்கடம் நம் பொருளாளருக்குத் தெரியாததா?

ஆனாலும் கவனித்துப் பார்த்தால், பிழைத்த கடைகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் பிழைத்திருக்கின்றன. போர்ட்லண்டின் மூவி மேட்னஸ் கடையை அவ்வூர் ஹாலிவுட் தியேட்டர் என்ற லாப நோக்கமில்லாத அரங்கு நிதி திரட்டி எடுத்துக்கொண்டது. 1985இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய விடியட்ஸ் 2017இல் மூடியது. 2023இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பழைய தியேட்டரோடு சேர்ந்து திறந்தது. நியூயார்க்கில் யோங்மன் கிம் என்ற கொரியர் தன் சலவைக் கடையில் ஒரு மூலையில் கேசட் வைத்து ஆரம்பித்தது, 55,000 படங்களாக வளர்ந்தது. கடையை மூடும்போது, மொத்தத்தையும் பத்திரமாக வைத்து வாடிக்கையாளர்களுக்கும் திறந்துவிட யார் தயார் என்று கேட்டார். சிசிலித் தீவில் சலேமி என்ற சிற்றூர் கை தூக்கியது. 2009இல் பெட்டிகள் கடல் கடந்து போயின. கொடுத்த வாக்குறுதி நடக்கவில்லை, பெட்டிகள் கிடந்தன. ஆவணப்படம் எடுக்கப் போன இருவர் விடாமல் துரத்தி, 2022இல் அவை நியூயார்க்கின் ஒரு திரையரங்குக்குத் திரும்பி வந்தன. பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்று திரும்பக் கூட்டிவந்த கதைதான்.

நெட்ஃபிளிக்ஸ் செய்ததையும் சொல்ல வேண்டும். 25 ஆண்டுகளில் 500 கோடிக்கும் மேற்பட்ட வட்டுகளைத் தபாலில் அனுப்பிய அந்தக் கம்பெனி, 2023 செப்டம்பர் 29 அன்று அதை நிறுத்தியது. கடைசியாகக் கையில் உள்ள வட்டுகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சந்தாதாரர்களிடம் சொல்லிவிட்டது. தாராளம் என்று பாராட்டியவர்களும் உண்டு. எனக்கு அது ஒரு நூலகத்தைக் கலைத்த செயலாகத்தான் தெரிகிறது. ஸ்ட்ரீமிங்கில் ஒப்பந்தம் முடிந்த மாதத்தில் படம் காணாமல் போகும். போன மாதம் பாதி பார்த்தேன், இப்போது இல்லை என்று நம் உறுப்பினர்களே எத்தனை பேர் புலம்புகிறார்கள்!

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். இங்கே கேபிள் வந்து கடைகளைப் பாதி காலி செய்தது. திருட்டு வி.சி.டி. மீதியைச் செய்தது, அதை விற்பவர்களைக் குண்டர் சட்டத்தில் அடைக்கத் தமிழ்நாட்டில் 2004இல் வழி செய்தார்கள். பிறகு மோசர் பேர் என்ற கம்பெனி 28 ரூபாய்க்கு அசல் வி.சி.டி.யும் 34 ரூபாய்க்கு டி.வி.டி.யும் கொண்டுவந்தபோது, வாடகைக்கு எடுத்து மறுநாள் திருப்பிக் கொடுப்பதற்கு அர்த்தமில்லாமல் போயிற்று.

சட்டமும் அமெரிக்காவைப் போல இல்லை. 1994இல் திருத்திய நம் பதிப்புரிமைச் சட்டம், ஒரு பிரதி முன்பே விற்கப்பட்டிருந்தாலும் அதை வாடகைக்கு விடும் உரிமை படத்தின் உரிமையாளருக்கே என்றது. வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்கிய அசல் டி.வி.டி.களை இங்கே வாடகைக்கு விட்ட ஒருவர் மீதான வழக்கில், 2009இல் டில்லி உயர் நீதிமன்றம் அது உரிமை மீறல் என்று சொல்லிவிட்டது. அட்கின்சன் இங்கே பிறந்திருந்தால் கடை திறந்திருக்க முடியாது.

ஆனால் 2012 திருத்தத்தில் ஒரு ஜன்னல் திறந்தது. வணிக வாடகை என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், முறையாகப் பெற்ற பிரதியை லாப நோக்கமில்லாத நூலகமோ கல்வி நிறுவனமோ லாபமின்றி இரவல் கொடுப்பது அதில் சேராது என்று எழுதியிருக்கிறார்கள். சியாட்டில்காரர்கள் தட்டுத் தடுமாறிப் போய்ச் சேர்ந்த இடத்தை, நம் சட்டம் தானாகவே காட்டிவிட்டது. கடை நடத்த வழியில்லை, நூலகம் நடத்தலாம்.

நம் சங்கத்தின் இரும்பு பீரோவில், திரையிடலுக்காக வாங்கிய அசல் வட்டுகள் கிடக்கின்றன. சாவி எங்கே என்று இரண்டு பேரைக் கேட்டால்தான் தெரிகிறது. வெள்ளி விழா ஆண்டில் செயற்குழு அதை ஒரு நூலகமாக முறைப்படி பதிவு செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பரணில் அசல் கேசட்டோ வட்டோ இருந்தால் உறையோடு கொண்டுவந்து கொடுங்கள். திருட்டு வி.சி.டி. மட்டும் வேண்டாம். இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நீங்களே முடிவு செய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கேசட்டாக இருந்து, சுருளின் விளிம்பில் வெள்ளையாக ஏதேனும் தெரிந்தால், டெக்கில் போட்டுப் பார்க்காமல் அப்படியே எடுத்து வாருங்கள்.