ஆட்டத்தின் விதி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைப்புறத்தைப் படுவான்கரை என்பர். அங்கே போரதீவுப்பற்றில் அமைந்த பழைய ஊர் பழுகாமம். அவ்வூர்த் திரௌபதை அம்மன் கோயிற் சடங்கிலே பாரதக்கதை மீண்டும் நிகழ்கிறது. ஊரவர் சிலர் விரதம் பூண்டு பாண்டவர் நிலையை ஏற்கின்றனர், வனவாசம் செல்கின்றனர், நிறைவில் தீ மிதிக்கின்றனர். பாண்டவராக நிற்பவர் தம் விருப்பம்போல் நடந்துகொள்ள இயலாது. எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பதை மரபு முன்னரே வகுத்துவிட்டது.

இவ்வாறு விதிக்கு அடங்கி நடிக்கப்படும் கதையோ, விதி பிழைத்த ஓர் ஆட்டத்தால் விளைந்தது. அத்தினாபுரத்துச் சூதிலே பணயம் துரியோதனனுடையது. கவறு உருட்டியவன் சகுனி. ஒருவனுக்காக மற்றொருவன் ஆடுவது முறையோ என்று தருமன் ஐயுற்றான், எனினும் ஆடினான். நாட்டை இழந்தான், தம்பியரை இழந்தான், தன்னையும் இழந்தான், அதன்பின் திரௌபதையைப் பணயம் வைத்தான். தன்னை இழந்தவருக்கு மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை உண்டோ என்று அவள் அவையில் வினவினாள். மானம் காக்க எழுந்த அவ்வினா, ஆட்டவிதியின் ஆணிவேரையே தொட்டது. வீட்டுமர் தெளிந்த விடை கூறவில்லை. கௌரவருள் விகருணன் ஒருவனே அவள் சார்பிற் பேசினான். தீர்க்கப்படாத அவ்வழக்கு பதினெட்டு நாட் போரில் முடிந்தது.

போரையே மேசைமீது ஆடிப் பார்க்க முயன்ற மேனாட்டாரும் விதியின் தேவையை உணர்ந்தனர். 1824ஆம் ஆண்டில் பிரசியப் படை அதிகாரி ரைசுவிட்சு வெளியிட்ட போர் விளையாட்டிலே பகடையும் இருந்தது. ஐயம் தீர்க்க நடுவரும் இருந்தார். 1974இல் அமெரிக்கரான கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை உலகுக்கு அளித்தனர். அதில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் நிலையை ஏற்கின்றனர். 1977இல் மார்க் மில்லரின் ‘டிராவலர்’ இம்முறையை விண்வெளிக் கதைக்கு ஏற்றது.

‘டிராவலர்’ ஆட்டத்துக்கு வேண்டுவன ஆறுமுகப் பகடைகளே. ஆயுதம் இலக்கிற் படுவதற்கு இரு பகடைகளின் கூட்டுத்தொகை 8 அல்லது அதற்கு மேல் அமையவேண்டும் என்பது அடிப்படை விதி. இரு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளுள் 15 வகைகளே அத்தொகையைத் தரும். முதற் பதிப்பின்படி, கதைமாந்தரை உருவாக்கும்போதே, அவர் பணிக்காலத்தில் இறந்துபடவுங்கூடும்! அவ்விதி கடுமையானதே. ஆயினும் எந்த எண் வெற்றி தரும், எந்த எண் உயிர் கொள்ளும் என்பதை உருட்டுமுன்பே யாவரும் அறிவர்.

சடங்கின் முடிவு தீக்குழியில் முன்னரே குறிக்கப்பட்டுள்ளது; மேசை ஆட்டத்தின் முடிவு பகடை விழும்வரை எவருக்கும் தெரியாது. இரண்டிலும் மனிதன் தானல்லாத ஒருவனாகச் சிலபொழுது வாழ்கிறான். அவ்வாறு வாழ்பவனுக்கு விதியே காவல். அத்தினாபுரத்து அவையிலே பெரியோர் பலர் இருந்தனர், நடுவர் இல்லை. மேசையருகே அமரும் நடுவரோ, வினா எழுந்தால் விடை கூறியே ஆகவேண்டும்.